துருத்தி எடுக்கப் போகிறவர்களுக்கு

அக்கா மகன் வரும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் முதல் தடவையாகத் துருத்தி எடுக்கிறான். துருத்தி என்பது சாமிக்குத் தண்ணீர் பீய்ச்சும் தோல்பை. “என்னென்ன செய்யணும்னு எழுதிக் குடுங்க மாமா” என்று கேட்டான். அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாகத் தருகிறேன். நான் செல்லூர்க்காரன். அப்பாவுக்குப் பிறகு 19 வருஷமாக, மலையிலிருந்து வைகையில் இறங்க வரும் கள்ளழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறேன்.

இந்த விழாவில் வேடம் போட யாரும் ஆள் எடுப்பதில்லை. நேர்ந்துகொண்டால் போதும். சிலர் எரியும் திரி எடுத்து ஆடுவார்கள், சிலர் சாட்டை பிடிப்பார்கள், பெண்கள் பெரும்பாலும் சர்க்கரைக் கிண்ணம் ஏந்துவார்கள். நாம் எடுப்பது துருத்தி. அழகர்மலையிலிருந்து மதுரை 20 கிலோமீட்டருக்கு மேல். சித்திரை வெயிலில், சாமியை இறக்கி வழிபடும் மண்டகப்படி ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருகிறார் அழகர். அவருடைய உடம்பு குளிரத்தான் இந்தத் தண்ணீர்.

எங்கள் வீட்டில் 15 நாள் விரதம். கவுச்சி கிடையாது, பாயில்தான் படுக்கை, இரண்டு வேளையும் குளியல். கொடியேற்றத்தன்று தொடங்கும் வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் கணக்கு. முடிந்தால் ஒரு நாள் அழகர்கோவில் போய் நூபுர கங்கையில் குளித்து, அங்கே காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பரிடம் உத்தரவு கேட்டுவிட்டு வாருங்கள். அழகரே அவரிடம் சொல்லிக்கொண்டுதான் மலையை விட்டுக் கிளம்புகிறார்.

உடுப்புக்குப் பங்குனி பாதியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள். முன்பு மீனாட்சி கோவிலுக்கு எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். தலைக்கு உருமால் என்கிற தலைப்பாகை, இடுப்பில் சுற்றிக் கட்டக் கச்சை, கீழே சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பு. பளபளப்புத் துணி வியர்வையை உறிஞ்சாது, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சல்லடம் முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும். நனைந்து கனத்தால் காலைத் தட்டும். செருப்பு கிடையாது என்பதால், பத்து நாளாவது மாலையில் வெறுங்காலோடு தார்ரோட்டில் நடந்து பழகுங்கள்.

இனி துருத்தி. புதுத் தோல் விறைப்பாக இருக்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் பாதி அளவு நிரப்பித் தொங்கவிட்டால், தையலில் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். முழுக்க நிரப்ப ஆசைப்படாதீர்கள். பத்து லிட்டர் என்றால் பத்துக் கிலோ, தோளில் மாட்டி நாலு மணி நேரம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுத் துருத்தியில் ஆறு லிட்டருக்கு மேல் நான் ஊற்றுவதில்லை. பையை இடது அக்குளில் இடுக்கி, வலது கையால் குழாயைப் பிடித்து, முழங்கையால் மெதுவாக அமுக்க வேண்டும். சட்டென்று அமுக்கினால் பாதித் தண்ணீர் ஒரே மூச்சில் போய்விடும்.

குழாய் முனை வானத்தைப் பார்க்கட்டும். தண்ணீர் மேலே போய், உடைந்து, தூறலாக விழ வேண்டும். முதல் வருஷம் எனக்கு இது தெரியவில்லை. ராமராயர் மண்டபத்துக்குப் பக்கத்தில் தங்கக் குதிரையில் அழகரைப் பார்த்ததும் நேராக அடித்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றி, சாமி பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார். என் தண்ணீர் அதில் விழுந்து சூடம் அணைந்துவிட்டது, சர்க்கரையும் கரைந்துவிட்டது. அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா துருத்தியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “போய்ச் சூடமும் சர்க்கரையும் வாங்கிட்டு வா” என்றார். கூட்டத்துக்குள் புகுந்து வாங்கி வருவதற்குள் சாமி நகர்ந்துவிட்டார். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வண்டியூர் வழியில் அடுத்த மண்டகப்படிவரை நடந்து, அங்கே ஏற்ற வைத்தோம்.

அழுத்த பம்பு வைத்து அடிக்கிறவர்கள் கொஞ்ச வருஷமாகப் பெருகினார்கள். அதை நீதிமன்றமே தடுத்திருக்கிறது, மிகவும் சரியான காரியம். அந்த வேகத்தில் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை சிதறும், பட்டர்களின் கண்ணில் படும், சீர்பாதம் தாங்கிகளுக்குக் கால் வழுக்கும். பல நூறு கிலோ வாகனத்தைத் தோளில் வைத்திருப்பவர்கள் அவர்கள். வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வேண்டுமானால் நாலு சொட்டுப் பன்னீர். சாயம், பொடி, வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. விழாவுக்கு முன்பு நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். முன்பதிவு கேட்டிருந்தால் செய்துவிடுங்கள்.

எங்கே நிற்பது? அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் மூன்றுமாவடி எதிர்சேவையில் கும்பிடுங்கள், தல்லாகுளத்தில் இரவு கண்விழியுங்கள். விடியற்காலை அழகர் வைகை ஆற்றில் இறங்கும்போது, புதிதாக வேடம் போடுபவர்கள் ஆற்றில் இருக்கும் மண்டபத்தை ஒட்டிப் போக வேண்டாம். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அழகர் உடுத்தியிருப்பது பச்சைப் பட்டா, வேறு நிறமா என்பது கரையில் நின்றாலும் தெரியும். நம் வேலை அதற்கப்புறம், அழகர் ராமராயர் மண்டபத்துக்கு வரும் வழியில். வெயில் ஏறியிருக்கும், அவருக்கும் கூட்டத்துக்கும் தண்ணீர் தேவைப்படும் நேரம் அதுதான்.

கூட ஒரு ஆளைக் குடத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பந்தலில் குடிக்க வைத்திருப்பதைத் துருத்திக்கு ஊற்றக் கூடாது. நீர்மோர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். சிறுபிள்ளைகளுக்கு வேடம் போட்டிருந்தால் கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் முதலில் துருத்தியைக் கழுவுங்கள், அப்புறம் நீங்கள் குளிக்கலாம். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். நிழலில் கவிழ்த்துத் தொங்கவிட்டு, ஈரம் போனதும் விளக்கெண்ணெய் தடவி, உள்ளே வைக்கோல் அடைத்து எடுத்து வையுங்கள். அப்பா கொடுத்த துருத்தியை இப்படித்தான் வைத்திருந்தேன். இந்தச் சித்திரையில் அதைத்தான் அக்கா மகன் தோளில் மாட்டப் போகிறான்.