புது டயர் முன்னாலா, பின்னாலா? இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு

சென்ற ஜூன் மாதம் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், விடாத சாரல், முன்னால் ஓர் அரசு பஸ். ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தபோது காரின் முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் மட்டும் தன் போக்கில் வெளியே நழுவியது. மீட்டருக்குள் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு படபடத்தது, ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் கரகரவென்று பிடித்தது, கார் நேராகிவிட்டது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்விழித்து, "என்னப்பா சத்தம்?" என்றார். "ரோடு சரியில்லை அம்மா" என்று பொய் சொன்னேன்.

ரோட்டில் ஒரு குறையும் இல்லை. பத்து நாள் முன்பு நானே காசு கொடுத்து வாங்கிய குறை அது. முன் டயர்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன என்று புதிதாக இரண்டு வாங்கி, அவற்றை முன்னாலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

முதலில் அளவு. பக்கச்சுவரில் 195/55 ஆர்16 87வி என்பது போல எழுதியிருக்கும்: அகலம் 195 மி.மீ., சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். 87 என்பது 545 கிலோ சுமைக்கான குறியீடு, வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. உற்பத்தித் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்; 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம். அளவும் குறியீடுகளும் நான்கு சக்கரத்திலும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே அச்சில் இடமும் வலமும் வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு பட்டன் (ரோட்டைத் தொடும் பக்கத்தில் உள்ள கட்டைகளும் பள்ளங்களும்) வேண்டவே வேண்டாம்.

இதில் ஏன் கறார் என்றால், கார் சறுக்காமல் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக் அமைப்பான ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்குக் கண் கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் சுற்றும் வேகம், ஸ்டீயரிங் திரும்பிய கோணம், கார் பக்கவாட்டில் திரும்பும் வேகம் ஆகியவற்றை வைத்து, 'ஓட்டுநர் போக நினைக்கும் வழியும் கார் போகும் வழியும் ஒன்றா' என்று கணக்குப் போடுகிறது. பொருந்தாவிட்டால் தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, இன்ஜின் விசையைக் குறைக்கிறது. சிறிய டயர் அதிகமாகச் சுற்றும். அதை அந்த அமைப்பு வழுக்கல் என்று எண்ணலாம். மேலே சொன்ன 195/55 ஆர்16-தான் என் காரின் அளவு; அந்த டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. பட்டன் 8 மி.மீ. உள்ள புது டயரும் 2 மி.மீ.க்குத் தேய்ந்த டயரும் விட்டத்தில் 12 மி.மீ. வேறுபடும், கிட்டத்தட்ட 2 சதவீதம். இதைப் பெரும்பாலும் அது பொறுத்துக்கொள்ளும். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று 5 சதவீதம் போனால் பொறுக்காது.

அடுத்து, நான் சறுக்கிய படி. புது ஜோடி எங்கே?

பின்னால். முன்சக்கர இழுவை உள்ள காரானாலும் பின்னால்தான். நல்ல நிலையில் மிச்சமிருக்கும் பழைய ஜோடி முன்னால் வரட்டும். இதைக் கடைக்காரரிடம் சொன்னால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். 'முன்னால்தானே ஸ்டீயரிங், முன்னால்தானே இன்ஜின், பிரேக்கும் முன்னால்தானே அதிகம்' என்பார். மூன்றும் உண்மை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முன்சக்கரம் பிடி இழந்தால் கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். பயத்தில் நாம் இயல்பாகவே ஆக்சிலரேட்டரை விடுவோம். எடை முன்னால் சாயும், பிடி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பின்சக்கரம் பிடி இழந்தால் கார் சுழலப் பார்க்கும். அப்போது காலை வெடுக்கென்று எடுத்தாலும், பிரேக்கை மிதித்தாலும் பின்பக்கம் இன்னும் லேசாகி நிலைமை மோசமாகும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அதை அரை நொடியில் செய்யும் கை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? மலை இறக்கத்தில் பின்பக்கம் ஏற்கெனவே லேசுதான். தேய்ந்த பட்டனால் மழைத்தண்ணீரை விலக்கவும் முடியாது.

இன்னொரு வஞ்சகம்: ரோட்டின் நிலைமை நம் கைக்கு முன் டயர் வழியாகத்தான் தெரியும். அங்கே புது டயர் இருந்தால் கை 'எல்லாம் சரி' என்கிறது, கால் வேகத்தைக் கூட்டுகிறது. பின்னால் இருப்பது பேச்சே கொடுப்பதில்லை.

'அதற்குத்தானே அந்த எலக்ட்ரானிக் சமாச்சாரம்?' எனலாம். 1997-இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகைச் சோதனையின்போது மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் ஈ.எஸ்.பி. என்ற பெயரில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. சஸ்பென்ஷனையும் டயரையும்கூட மாற்றியது. டயரில் இல்லாத பிடியைக் கணினி கொண்டுவராது.

மாட்டியபின் பேலன்சிங், அலைன்மென்ட். நேர் ரோட்டில் ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். கோணலாக நின்றால், நேராகப் போகும்போதே நாம் வளைப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். சில கார்களில் ஸ்டீயரிங்கை இரு ஓரமும் முழுதாகத் திருப்பினால் அதன் கோணத்தை அளக்கும் உணரி நடுநிலையைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

காற்றைக் கடைக்காரர் கணக்குக்கு விடாதீர்கள். எனக்கு 40 பி.எஸ்.ஐ. அடித்துக் கொடுத்திருந்தார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் 33. காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்கவேண்டும். பங்க் மீட்டரை நான் நம்புவதில்லை. சொந்தமாக ஒரு டிஜிட்டல் காற்றுமானியும், பட்டன் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோலும் வைத்திருக்கிறேன். பள்ளத்துக்குள் தேய்மானத்தைக் காட்ட வைத்திருக்கும் 1.6 மி.மீ. மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் தேயும்வரை நான் காத்திருப்பதில்லை, 3 மி.மீ.க்கு வந்தால் அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடுவேன்.

முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானம். தொழிற்சாலையில் டயரை வார்ப்பிலிருந்து ஒட்டாமல் எடுக்கப் பூசும் வழுக்குப் பூச்சு மேலே மிச்சமிருக்கும், புது ரப்பர் லேசாக நெளியும். வளைவில் கார் கொஞ்சம் மிதப்பதுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

பின்சேர்க்கை: 'புது டயர் போட்டபின் காற்றழுத்த விளக்கு எரிகிறது, காற்று சரியாக இருக்கிறது' என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். சக்கரச் சுழற்சியை வைத்தே காற்றைக் கணிக்கும் வகைக் கார்களில் பழைய டயரின் கணக்கு நினைவில் இருக்கும். சரியான காற்று அடித்துவிட்டு மெனுவில் ரீசெட் செய்யவேண்டும்.

இன்னொருவருக்கு ஸ்டெப்னி 15 அங்குலம், மற்றவை 16 என்று கவலை. ரிம்மைப் பார்க்காமல் மொத்த விட்டத்தைப் பாருங்கள். அவர் சொன்ன 185/65 ஆர்15 சுமார் 621.5 மி.மீ. வருகிறது, என் 195/55 ஆர்16-க்கும் அதற்கும் ஒரு மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. ஆனால் அகலம் வேறு, பிடி வேறு. அதில் மணிக்கு 80 கி.மீ. என்று மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தால் அந்த வேகத்துக்குள் ஓட்டிப் பஞ்சர் கடைக்குப் போய்ச் சேருங்கள். நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு டயர் கணக்கே பொருந்தாது; நான்கையும் சேர்த்து மாற்றுவதே கியர் பாகங்களுக்கு நல்லது.