வயதான நட்சத்திரம், ஓயாத காயம்: ட்ரேட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதாகி, அடிக்கடி காயமடையும் நட்சத்திர வீரரை வைத்து ட்ரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) போடும்போது பெயருக்கு மயங்காதீர்கள், பழைய சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ட்ரேட் கணக்கு போட்டுக்கொண்டு வரும் புதியவர்களிடம் நான் ஓயாமல் பார்ப்பது வேறு சில தவறுகள். ஆரம்பத்தில் நானும் போட்ட கணக்குகள் என்பதால் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது.

'ஆளை அனுப்பினால் போதும்'

சமீபத்தில் ஒருவர் நீட்டிய தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. 'போவது' பத்தியில் வீரரின் வயது, தவறவிட்ட ஆட்டங்கள், மீதிச் சம்பளம் எல்லாம் பக்காவாக இருந்தன. 'வருவது' பத்தியில் ஒரே வரி: 'சம்பளச் சுமை நீங்கும்.'

எப்படி நீங்கும்? வாங்கும் அணியும் லீக் வைத்திருக்கும் சம்பள உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், ஏறக்குறைய ஈடான சம்பளத்தை நம் பக்கம் தள்ளாமல் பெரும்பாலும் அவரை எடுக்க முடியாது. பெரும்பாலான அணிகள் தாண்டித்தான் இருக்கின்றன.

ஹூஸ்டன் அணியின் கதை இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. 2018 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டை 3-2 என்று முந்தியிருந்த நேரத்தில் அதன் நட்சத்திரம் கிறிஸ் பாலுக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) காயம். அவர் இல்லாமல் கடைசி இரண்டு ஆட்டங்களும் போயின. அந்தக் கோடையிலேயே அவருக்கு 4 ஆண்டு, சுமார் 16 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த சீசனில் 58 ஆட்டங்கள்தான் ஆடினார். வயது 34. இந்த காண்ட்ராக்ட்டை யார் தலையிலாவது கட்டினால் சரி என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

2019-ல் ஒக்லஹோமா சிட்டிக்கு அவரை அனுப்பினார்கள். கூடவே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு), இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தங்கள் பிக்கைவிட மேலானது ஹூஸ்டனிடம் இருந்தால் மாற்றிக்கொள்ளும் உரிமை. பதிலுக்கு வந்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கின் ஆண்டுச் சம்பளமும் கிட்டத்தட்ட அதேதான். ஒப்பந்தமோ ஓராண்டு கூடுதல்! சுமையை இறக்குகிறோம் என்று சொல்லி, கைக்காசும் கொடுத்து, அதைவிட நீளமான சுமையை ஏற்றிக்கொண்டார்கள்.

'முடிந்துவிட்டார்' என்று பேசப்பட்ட கிறிஸ் பால் மறு ஆண்டு 72-ல் 70 ஆட்டங்கள் ஆடினார். சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். அந்த பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்றில்) ஹூஸ்டன்தான் ஒக்லஹோமாவை 7 ஆட்டங்களில் வென்றது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெஸ்ட்புரூக் ஒரே சீசனில் கிளம்பினார். அவருக்குப் பதில் கிடைத்தது ஒரு பிக்கும், காயத்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆடாத ஜான் வாலும். பால் 2021-ல் ஃபீனிக்ஸை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

அதற்காகக் கிழவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் இருக்கும் அணியை, அவர் இல்லாத அணியோடு ஒப்பிடாதீர்கள். அவருக்குப் பதில் வருபவர் ஆடும் அணியோடு ஒப்பிடுங்கள். 'வருவது' பத்தியை முதலில் நிரப்புங்கள்.

தவறவிட்ட ஆட்டங்களை வெறுமனே கூட்டுவது

விரல் எலும்பு முறிந்து 20 ஆட்டங்கள் போனாலும், ஒரே கெண்டைக்கால் தசை மூன்று முறை பிடித்து 20 ஆட்டங்கள் போனாலும் அட்டவணையில் ஒரே எண்தான். எனக்குப் பயம் இரண்டாவதைப் பார்த்துத்தான்.

நன்றிக்கடனைச் சம்பளமாகக் கட்டுவது

கோபி பிரையன்ட், நவம்பர் 2013. அக்கிலிஸ் (குதிகால் தசைநார்) கிழிந்தபின் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. 2 ஆண்டுக்கு 4.85 கோடி டாலர் நீட்டிப்பு. அந்த நீட்டிப்பின் இரண்டு சீசன்களிலும் அவருடைய அணியான லேக்கர்ஸுக்கு வெறும் 21, 17 வெற்றிகள். டிக்கெட் விற்றது, அது வேறு கணக்கு.

வாங்குபவராக இருந்தால்

பாதுகாப்பு நிபந்தனை (பிக் மிக மேலே விழுந்தால் நம்மிடமே தங்கும் என்பது) இல்லாமல் பிக்கைக் கொடுக்காதீர்கள். 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸுக்காக 2013-ல் புரூக்ளின் கொடுத்த பிக்குகள் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுன் என்ற நட்சத்திரமாகவும், 2017 பிக் மாற்றுரிமை வழியாக ஜேசன் டேட்டம் என்ற நட்சத்திரமாகவும் போய்ச் சேர்ந்தன.

மருத்துவப் பரிசோதனைக்கு முன் கொண்டாடுவது

2009-ல் டைசன் சாண்ட்லரை வாங்கிய ஒக்லஹோமா, மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இடது கால் பெருவிரலைப் பார்த்துவிட்டு ட்ரேடையே ரத்து செய்தது. அப்புறம் 2011-ல் அதே காலோடு டல்லாஸுக்காகக் கோப்பை வென்றார்.