முற்றத்துத் தொட்டியில் நீலோற்பலம் வளர்க்கும் முறை

மாரி மழைக்குப் பின் நம் ஊர்க் குளங்களில் இளநீல நிறத்தில் பூக்கும் நீலோற்பலம் 1986ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் விழும் முற்றம் இருந்தால், இதனைத் தொட்டியிலும் வளர்க்கலாம். நிழலில் இலை மட்டுமே மிஞ்சும்.

முதலில் கிழங்கு வேண்டும். நாற்றுமேடைகளில் இப்பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் கடும் ஊதா நிறக் கலப்பினங்களே. ஆதலால், சொந்தக் குளம் வைத்திருப்பவரிடம் கேட்டு, தாய்ச்செடியை அசைக்காமல் ஒரு பக்கக் கிழங்கை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். கோயில் கேணியில் பிடுங்குவது முறையன்று.

அடுத்து, இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட தொட்டியொன்றைத் தெரிவுசெய்யுங்கள். புதிய சிமெந்துத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். யாழ்ப்பாணத்தில் நமது கிணற்று நீரும் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவதால் இயல்பிலேயே கடினமானது. எனவே, இரண்டு மூன்று வாரங்களுக்குத் தண்ணீரை நிரப்பி, வைத்து, ஊற்றிவிட்டு, மீண்டும் நிரப்பிய பின்னரே நட வேண்டும். கடற்கரையை அண்டிய ஊர்களில் கோடையில் கிணறு உவர்ப்பாகிவிடுவதுண்டு. அங்கு சேமித்த மழைநீரே பாதுகாப்பானது.

அடியில் அரை அடி உயரத்துக்கு வயலின் களிமண்ணை இடுங்கள். மாட்டெருவும் கூட்டெருவும் வேண்டாம். அவை நீரில் கரைந்து பாசியைப் பெருக்கும். கிழங்கைச் சற்றுச் சரித்துப் புதைத்து, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி விட்டு, மேலே சிறு கற்களைப் பரப்புங்கள். தொடக்கத்தில் குருத்துக்கு மேல் நான்கு விரல் உயரத் தண்ணீர் போதும். இலைத்தண்டு நீள நீள நீர்மட்டத்தையும் உயர்த்திச் செல்லுங்கள். முழு ஆழத்துக்கு ஒரேயடியாக நிரப்பினால், இளம் இலைகள் வெளிச்சத்தை எட்டுமுன்னரே அழுகக்கூடும்.

தேங்கிய நீர் என்றால் நுளம்பும் டெங்குவும் நினைவுக்கு வரவேண்டும். நாலைந்து கப்பி மீன்களை விட்டால் குடம்பிகளைத் தின்றுவிடும். அந்த மீன்களைக் குளங்களில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். மிதக்கும் இலைகளில் கருநிற அசுவினி ஒட்டியிருந்தால் மருந்தடிக்க வேண்டியதில்லை. இலையை நீருக்குள் அமிழ்த்தி விரலால் தேய்த்துவிட்டால், எஞ்சியதை மீன்கள் பார்த்துக்கொள்ளும்.

கோடையில் ஆவியாகும் நீரை மாலையில் ஈடுசெய்யுங்கள். தொட்டி வற்றி இலைகள் கருகினாலும் கிழங்கை எறிந்துவிடாதீர்கள். வற்றும் குளங்களின் சேற்றிலும் அது இவ்வாறே உறங்கி, அடுத்த மாரிக்குத் துளிர்க்கிறது.

பகலில் விரிந்து பிற்பகலில் குவியும் பூ, சில நாட்களின் பின் தண்டோடு வளைந்து நீருக்குள் இறங்கும். காய் அங்கேதான் முற்றும். விதை வேண்டுமாயின், காயின் மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். வெடித்ததும் விதைகளைக் காயவிடாமல் நீருள்ள போத்தலில் எடுத்து, சில நாட்களுக்குள் ஒரு விரல் ஆழ நீரின் கீழுள்ள சேற்றில் தூவிவிடுங்கள்.