குழந்தைகள் இல்லாமல் இருவராகப் போகும் குரூஸ்: பெரிய குடும்பக் கப்பல் சரிப்படுமா, எப்படிப் பார்த்து புக் செய்வது?

நானும் என் கணவரும் மட்டும் குரூஸ் போகப்போகிறோம் என்றதும் பலர் சொன்னது ஒன்றுதான்: "அதெல்லாம் பிள்ளைகளோடு போகிற இடம், உங்களுக்கு அங்கே என்ன இருக்கு?" சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பலில் போய் வந்த பிறகு சொல்கிறேன், தாராளமாகப் போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு அவற்றை மாற்றுவது கஷ்டம். நான் எப்படிப் பார்த்தேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். பாஸ்போர்ட், விமான டிக்கெட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கப்பல் பெரிதாக ஆக ஆகக் குழந்தைகள் கூடுவார்கள் என்பது உண்மை. அதே அளவுக்கு இடமும் பிரியும். சின்னக் கப்பலில் ஒரே நீச்சல் குளம்தான், எல்லோரும் அதில்தான் இறங்க வேண்டும். 2024இல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு 'சர்ஃப்சைடு' என்று ஒரு பகுதியே இருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்று 'ஹைட்அவே' என்ற குளப் பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. 2009இல் வந்த ஓயசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலின் நடுவில் நிஜச் செடிகள் வளரும் பூங்கா உண்டு. சறுக்கு, விளையாட்டு எதுவும் அங்கே இல்லாததால் குழந்தைகளுக்கு அங்கே வேலையும் இல்லை. குடும்பங்களுக்காகக் கட்டிய கப்பல்தான் குழந்தைகளை வேறு பக்கம் அழைத்துப் போகும் வசதியோடு இருக்கிறது. அதனால் கப்பலின் அளவைக் கண்டு பயப்பட வேண்டாம்.

படி 1: கப்பலுக்கு முன்னால் தேதி

பலரும் கப்பலை முடிவு செய்துவிட்டுத் தேதி தேடுகிறார்கள். குழந்தைகள் இல்லாத தம்பதிகள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரே கப்பல் பிப்ரவரியில் ஒரு மாதிரி இருக்கும், ஜூனில் வேறு மாதிரி இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதென்றால் மூன்று நாட்டுப் பள்ளிக் காலண்டர்களைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் மார்ச் நடுவில் ஒரு வாரம், ஜூன் மாதம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை விடுமுறை. நம் ஊரில் ஏப்ரல், மே, அப்புறம் தீபாவளி வாரம். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும் கோடை விடுமுறை. இவற்றோடு சீனப் புத்தாண்டு வாரத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட், அக்டோபரின் சில வாரங்கள். நான் இதற்கு எந்தச் செயலியையும் பயன்படுத்தவில்லை. சிங்கப்பூர் கல்வி அமைச்சகம் வெளியிடும் விடுமுறைப் பட்டியலைத் திறந்து, ஒரு தாளில் மாதங்களை எழுதி அடித்துக்கொண்டே வந்தேன், அதுவே போதும்.

எத்தனை இரவு என்பதும் முக்கியம். மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் குடும்பங்கள் அதிகம், வார இறுதி சேர்ந்துவிட்டால் இன்னும் அதிகம். ஏழு இரவுக்கு மேல் போனால் குறையும். கப்பல் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு இடம் மாறும் நீண்ட பயணங்களில் பணி ஓய்வு பெற்றவர்களே நிறைய. ராயல் கரீபியன் என்ற குரூஸ் நிறுவனத்தின் கப்பல்களில் கைக்குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கடலிலேயே போகும் பயணமென்றால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். நீண்ட பயணத்தில் கைக்குழந்தைகள் குறைய இதுவும் ஒரு காரணம்.

'குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை' என்று விளம்பரம் வந்தால், அந்தச் சலுகை எந்தத் தேதிகளுக்கு என்று பாருங்கள். பள்ளி நடக்கும் மாதமாகவே இருந்தாலும், பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளோடு வருபவர்கள் அந்தத் தேதிகளைத்தான் பிடிப்பார்கள்.

ஏஜென்டிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்தத் தேதியில் பெரிய நிறுவனக் குழு ஏதாவது வருகிறதா? இந்தியாவிலிருந்து டீலர்களை மொத்தமாக அழைத்துப் போகும் பயணங்கள் சிங்கப்பூர் கப்பல்களில் சகஜம். அமைதி வேண்டுமென்று போகும் தம்பதிக்கு, குழந்தைகளைவிட அந்தக் கூட்டம்தான் பெரிய சத்தமாக இருக்கும்.

படி 2: கப்பலில் பெரியவர்களுக்கான இடம் எங்கே?

ராயல் கரீபியனின் குவான்டம் வகைக் கப்பல்களில் முன்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட 'சோலேரியம்' இருக்கிறது. பதினாறு வயது ஆனவர்களுக்கு மட்டும், தனிக் கட்டணம் கிடையாது. கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் 'செரினிட்டி' என்ற இடமும் பெரியவர்களுக்கு மட்டும்தான், அதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. டிஸ்னியின் மேஜிக், வொண்டர், ட்ரீம், ஃபேன்டஸி கப்பல்களில்கூடப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமான 'குயட் கோவ்' குளமும் 'பாலோ' உணவகமும் உண்டு. நார்வீஜியன் கப்பல்கள் சிலவற்றில் பெரியவர்களுக்கான இடத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதையும் மொத்தச் செலவில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பயணத்திட்டத்தில் துறைமுகம் எதுவும் இல்லாமல், கடலில் சுற்றிவிட்டுத் திரும்புவதாக இருந்தால் இந்தப் படியில் கூடுதல் கவனம் வேண்டும். சிங்கப்பூரை மையமாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சரின் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் அப்படிப்பட்டவை. எல்லா நாளும் எல்லோரும் கப்பலிலேயே இருப்பார்கள். கதாபாத்திரங்கள் மேல் உங்கள் இருவருக்குமே ஆசை இருந்தால் மட்டும் அதை எடுங்கள். ஒருவருக்கு மட்டும் ஆசை என்றால் வேண்டாம் என்பேன்.

படி 3: கேபின் (இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்)

என்னை அதிகம் உட்கார வைத்த படி இது. முன்பதிவுத் தளங்கள் காட்டும் படத்தில் எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரிவது டெக் பிளானில்தான், அதாவது ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில். கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் டெக் பிளானை மடிக்கணினியில் திறந்துகொள்ளுங்கள். போன் திரை இதற்குப் போதாது, குறியீடுகள் கண்ணுக்கே தெரியாது. குரூஸ்மேப்பர் தளத்திலும் டெக் பிளான் உண்டு, அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் ஓரத்தில் குறியீட்டு விளக்கம் இருக்கும். அதில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று, இரண்டு அறைகளுக்கு நடுவில் கதவு இருக்கிறது என்பதற்கான குறி. பெரும்பாலும் இரு முனையும் உள்ள அம்பாக இருக்கும். அந்தக் கதவு பூட்டியிருந்தாலும் சுவர் அளவுக்குச் சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து அறையில் குழந்தை அழுதால் உங்கள் தலைமாட்டில் கேட்கும். இந்தக் குறி உள்ள அறையை, எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும், எடுக்காதீர்கள்.

இரண்டாவதை யாரும் அதிகம் சொல்வதில்லை. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மேலிருந்து இறக்கும் படுக்கை உள்ள அறைகளுக்குத் தனிக் குறி உண்டு. குடும்பங்கள் அந்த அறைகளுக்குத்தான் போகும். அந்தக் குறிகள் ஒரு பக்கத்தில் வரிசையாக இருந்தால், அந்த நடைபாதையில் காலை ஏழு மணிக்கே ஓட்டம் தொடங்கிவிடும். இருவர் மட்டும் தங்கக்கூடிய அறைகள் சேர்ந்தாற்போல் இருக்கும் பகுதியைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நான் குறியுள்ள அறைகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, வட்டமே இல்லாத பகுதியில் தேடினேன்.

அடுத்து மேலும் கீழும் பார்க்க வேண்டும். உங்கள் அறைக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் அறைகளே இருந்தால் நல்லது. குவான்டம் வகைக் கப்பல்களில் பதினான்காவது தளத்தில் நீச்சல் குளமும் பஃபே உணவகமும் இருக்கின்றன. அதற்கு நேர் கீழே பதின்மூன்றில் அறை எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கடைசித் தளத்துக்கு முந்தையதை 'உயரமான நல்ல தளம்' என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள், மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தலைசுற்றல் வருபவர்களுக்கு நடுப்பகுதியில், எட்டு, ஒன்பதாம் தளங்கள் சரியாக இருக்கும். லிஃப்டிலிருந்து ஐந்தாறு அறை தள்ளி இருந்தால் போதும், ரொம்ப தூரம் வேண்டாம்.

'அறை எண் பிறகு ஒதுக்கப்படும்' என்று விலை குறைவாக ஒன்று வரும். மேலே சொன்னதெல்லாம் அதில் வீண், ஏனென்றால் எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும். தூக்கம் முக்கியமென்றால் அதைத் தொடாதீர்கள். பணம் இடித்தால் பால்கனியை விட்டுக்கொடுத்து ஜன்னல் இல்லாத உள்ளறையாகவே எடுங்கள், எண்ணை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். குவான்டம் வகையில் சில உள்ளறைகளில் கடலை நேரலையாகக் காட்டும் பெரிய திரை இருக்கிறது, அது நல்ல நடுவழி.

படி 4: இரவு உணவு

நேரம் குறித்த உணவுக்கு இரண்டு பந்தி உண்டு. முதலாவது மாலை ஐந்தரை வாக்கில், அடுத்தது ஏழரை, எட்டு வாக்கில். குழந்தைகள் உள்ளவர்கள் முதல் பந்திக்குத்தான் போவார்கள். நீங்கள் இரண்டாவதை எடுங்கள்.

அதோடு 'இருவர் மேசை' என்று முன்பதிவின்போதே குறிப்பிடச் சொல்லுங்கள். ஏறிய அன்று மதியமே உணவகத்துக்குப் போய் அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொது மேசையில் நம்மவர்களோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் "எத்தனை பிள்ளைங்க?" என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் தம்பதிக்கோ, வேண்டாமென்று முடிவெடுத்த தம்பதிக்கோ, விடுமுறையில் ஒவ்வொரு இரவும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. இருவர் மேசை கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

படி 5: கப்பலில் நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது

குழந்தைகளை விட்டுவிட்டுப் போகக்கூடிய கிளப் ராயல் கரீபியனில் மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை. இரவு பத்து மணி வரை கட்டணம் இல்லை, அதன் பிறகு மணிக்கணக்கில் பணம். அதனால் இரவு உணவு முடிந்து பத்து மணி வரை கப்பலின் பல இடங்கள் எதிர்பாராத அளவு அமைதியாக இருக்கும்.

துறைமுக நாட்களில் ஒன்றைக் கப்பலிலேயே கழியுங்கள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு குளமும் மேல்தளமும் ஏறக்குறைய உங்களுக்கே. என் யோசனை: பினாங்கில் இறங்குங்கள், ஃபூகெட்டில் கப்பலில் இருங்கள். பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுனை ஒட்டியே இருக்கிறது. குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நடந்தே போய்விடலாம். ஃபூகெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே நங்கூரமிட்டுச் சின்னப் படகில்தான் கரை சேர்க்கும், காலையில் அந்த வரிசையில் குடும்பங்கள்தான் முன்னால் நிற்கும். போயே ஆக வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு மேல் கிளம்புங்கள்.

யாருக்கு இது வேண்டாம்

குழந்தைகளின் சத்தமே கேட்கக் கூடாது என்பவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டாம். வர்ஜின் வாயேஜஸ் கப்பல்கள் எல்லாமே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்கேடியா, அரோரா இரண்டும் அப்படியே. இவை பெரும்பாலும் கரீபியன், ஐரோப்பா பக்கம் ஓடுபவை. விமானச் செலவும் விசாவும் கூடும் என்பதால், முதல் குரூஸுக்கு நான் சிங்கப்பூரையே சொல்வேன்.

சேர்த்தவை (வாசகர்கள் கேட்ட பிறகு)

சோலேரியத்தில் குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். நீங்கள் போய் அந்தக் குடும்பத்திடம் பேச வேண்டாம். துண்டு கொடுக்கும் ஊழியரிடம் மெதுவாகச் சொன்னால் அவர்களே பேசி அனுப்புவார்கள்.

இன்னொருவருக்கு விசாவில் சிக்கல் வந்திருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் போவோர் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்க்க வேண்டும். பினாங்கோ ஃபூகெட்டோ போய்க் கப்பலில் திரும்புவது மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. சிங்கப்பூரின் வருகை அட்டையையும் திரும்பும்போது இணையத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் முனையம் இரண்டு இருப்பதும் பலருக்குத் தெரியவில்லை. மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும், மற்றொன்று ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தின் பக்கத்தில். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள்.

சேவைக் கட்டணம் பற்றி நிறைய பேர் கேட்டார்கள். அமெரிக்க நிறுவனங்கள் ஒரு நபருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை வசூலிக்கும், பெரும்பாலும் டிக்கெட் விலையில் அது சேர்ந்திருக்காது. நான்கு இரவு, இருவர் என்றால் இந்திய ரூபாயில் பத்தாயிரத்தைத் தாண்டும். விலைகளை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.