20 நானோமீட்டர் துளைகள் தாமாக அமைய

பாலிஸ்டைரீனும் பி.எம்.எம்.ஏ.வும் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்கள்; ஒன்றோடொன்று கலக்காது. ஒரே சங்கிலியாகப் பிணைத்துவிட்டால் பிரிந்தும் ஓட முடியாது. தாமாகவே வரிசை கட்டும். பி.எம்.எம்.ஏ. 30 சதவீதம் அளவில் இருந்தால், பாலிஸ்டைரீனுக்குள் அது உருளைகளாக வரும். அவை நிமிர்ந்து நின்றால்தான் பிறகு துளைகளாகும்.

அடித்தளம்தான் முக்கியம். என் முதல் ஆறு மாதம் இதில்தான் போனது. வெறும் சிலிக்கானில் பூசினால் மேலிருக்கும் ஆக்சைடு பி.எம்.எம்.ஏ.வை இழுத்துக்கொள்ளும், உருளைகள் படுத்துவிடும். எனவே இரண்டு பாலிமர்களின் மோனோமர்களும் (சங்கிலியின் தனிக் கண்ணிகள்) ஒழுங்கின்றிக் கலந்து கோத்த பாலிமரை முதலில் பூசி, சூடாக்கி ஒட்டவையுங்கள். ஒட்டாததை டொலுயீனில் கழுவுங்கள், அவசரமே வேண்டாம்.

அப்புறம் முதலில் சொன்ன பிணைத்த சங்கிலியின் 1 சதவீதக் கரைசலைச் சுழற்றிப் பூசி, நைட்ரஜனில் 230 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வையுங்கள். காற்று புகுந்தால் படலம் சிதையும். கடைசியாகப் புற ஊதா ஒளி, அசிட்டிக் அமிலக் கழுவல். பி.எம்.எம்.ஏ. போய்த் துளைகள் நிற்கும். மின்னணு நுண்ணோக்கியில் அவற்றை முதன்முதலாகப் பார்த்த இரவு நான் வீட்டுக்கே போகவில்லை.