நார்வே வனப்பூனையை அறிந்துகொள்ளும் முறை

இன்று பூனைக் கண்காட்சிகளில் காணப்படும் இனங்களில் பல, ஒரு குறிப்பிட்ட தோற்றத்தை விரும்பி மனிதர் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததால் அண்மைக் காலத்தில் உருவானவை. சில இனங்கள் அவ்வாறு வந்தவை அல்ல. ஒரு நிலப்பகுதியில் பல தலைமுறைகளாகத் தாமாகவே பெருகி, அந்த நிலத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற உடலைப் பெற்ற பின்னரே அவற்றுக்கு மனிதர் பெயரும் வரையறையும் கொடுத்தனர். ரஷ்யாவின் சைபீரியப் பூனை, அமெரிக்காவின் மெயின் கூன், நார்வேயின் வனப்பூனை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய இனத்தை அறிய விரும்புகிறவர், படத்தைப் பார்த்து "பெரிய, முடி அடர்ந்த பூனை" என்று மனத்தில் பதித்துக்கொள்வதோடு நின்றுவிட்டால் எளிதில் ஏமாறுவார். நார்வே வனப்பூனையின் உடலில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு கூறுக்கும் குளிரிலும் ஈரத்திலும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழகியவருக்கு அடையாளங்கள் மறப்பதில்லை.

பெயரில் வனம் இருப்பதால் இதைக் காட்டு விலங்கு என்று கருதக் கூடாது. இது முழுமையான வீட்டுப் பூனை. மற்ற வீட்டுப் பூனைகளைப் போலவே இதுவும் அண்மைக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பகுதிகளில் வாழ்ந்த காட்டுப் பூனையின் வழிவந்தது. காது நுனியில் நிற்கும் முடிக்கற்றையைக் காட்டி, இது லிங்க்ஸ் என்ற பூனைக் குடும்பக் காட்டு விலங்கோடு கலந்து பிறந்தது என்று சொல்வோரை நம்ப வேண்டியதில்லை. எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகக் கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்ட பூனைகள் வடக்கே பரவி, பண்ணைகளிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும் பெருகின என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பூனைகளில் நீண்ட முடி என்பது எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தின் விளைவு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் கிடைத்தால்தான் குட்டியின் முடி நீளும். கடுங்குளிரில் நீண்ட முடி பெற்ற குட்டிகளே கூடுதலாகப் பிழைத்திருக்க, அப்பண்பு அங்கே நிலைபெற்றது என்று கருதுவது பொருத்தமானது.

காதல் தெய்வமான ஃபிரேயாவின் தேரைப் பூனைகள் இழுத்தன என்று ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய நார்ஸ் புராணம் கூறுகிறது. அந்தப் பூனைகள் இந்த இனமே என்று பலர் எழுதுகின்றனர். புராணம் பூனைகள் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே அதை இனிய கதையாக ஏற்று, பதிவான வரலாற்றுக்கு வருவது நல்லது. இந்த இனத்தைப் பேணுவதற்கென ஒரு சங்கம் 1938இல் ஓஸ்லோவில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் அந்த முயற்சியைத் தடுத்தது. நாட்டிலிருந்த குட்டை முடிப் பூனைகளோடு கட்டுப்பாடின்றிக் கலந்ததால் இனமே மறையும் நிலை வந்தது. 1970களில் ஆர்வலர்கள் மீண்டும் ஒன்றுகூடி, இனத்தின் இயல்பு மாறாத பூனைகளைத் தேடிச் சேர்த்தனர். அவற்றுள் பான்ஸ் ட்ரூல்ஸ் என்ற ஆண் பூனை இனவரையறைக்கு மாதிரியாக அமைந்தது. 1977இல் ஃபிஃபே என்னும் பன்னாட்டுப் பூனைக் கூட்டமைப்பு இந்த இனத்தை முறைப்படி ஏற்றது. 1979இல் முதல் இணை அமெரிக்காவுக்குச் சென்றது. மன்னர் ஐந்தாம் ஓலாவ் இதை நார்வேயின் அதிகாரபூர்வப் பூனையாக அறிவித்தார். தானாகத் தோன்றிய இனமே ஆயினும், அது இன்று நம் கண்முன் நிற்பதற்கு மனிதரின் கவனமும் காரணம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

இனி, பூனையை நேரில் பார்க்கும்போது செய்ய வேண்டியவை. முதலில் முடியைத் தொட்டு அறிய வேண்டும். கண்ணைவிட விரல்களுக்கே இங்கே வேலை அதிகம். இந்த இனத்தின் முடி இரண்டு அடுக்குகளைக் கொண்டது. தோலை ஒட்டியிருக்கும் அடிமுடி கம்பளியைப் போல மென்மையாகவும் நெருக்கமாகவும் இருந்து உடலின் வெப்பத்தைக் காக்கிறது. அதன்மேல் நீண்ட, சற்றே முரடான, பளபளப்பான காப்புமுடி முதுகிலும் பக்கங்களிலும் படர்ந்து கிடக்கிறது. தோலிலிருந்து சுரக்கும் எண்ணெய்ப் பசை அந்த மேல்முடியில் படிவதால், மழையோ பனியோ பட்டால் சேம்பிலையில் விழுந்த நீரைப் போல உருண்டு வழிந்துவிடும். அடிமுடி எளிதில் நனைவதில்லை. விரல்களைத் தோள்பட்டையில் நுழைத்து மெல்லப் பின்னோக்கி நகர்த்தினால் இந்த இரு அடுக்குகளும் தனித்தனியே உணரப்படும். உடல் முழுவதும் ஒரே சீராகப் பட்டுப்போல் வழுக்கும் முடியாக இருந்தால் ஐயம் கொள்ளலாம்.

முடியின் நீளம் உடலெங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கழுத்தைச் சுற்றியும் மார்பிலும் பிடரி போன்ற அடர்ந்த வளையம். பின்தொடைகளில் தளர்ந்த கால்சட்டை அணிந்தது போன்ற செறிவு. விரல்களுக்கு இடையில் பனிமேல் நடக்க உதவும் முடிக்கற்றைகள். காதுக்குள்ளிருந்து வெளியே நீளும் முடி. தோள்பட்டை வரையேனும் எட்டக்கூடிய நீண்ட, அடர்ந்த வால். பூனை சுருண்டு படுக்கும்போது இந்த வாலை முகத்தின்மேல் போர்த்திக்கொள்கிறது. எந்தப் பருவத்தில் பார்க்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. இளவேனிலில் அடிமுடியின் பெரும்பகுதி உதிர்ந்துவிடுவதால், கோடையில் பார்க்கும்போது பிடரி வளையம் ஏறத்தாழ இல்லாமலே இருக்கலாம். நீளமான வாலும் காதுமுடியும் மட்டுமே எஞ்சி, வேறு பூனை என்று எண்ணும் அளவுக்குத் தோற்றம் மாறிவிடும். எனவே கோடையில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது தவறு.

முடி மயக்கலாம், தலையின் அமைப்பு அவ்வளவு எளிதில் மயக்காது. இந்த இனத்தை மெயின் கூன், சைபீரியப் பூனை ஆகிய இரண்டோடும் குழப்பிக்கொள்வது மிகவும் வழக்கம். மூன்றும் பெரியவை, மூன்றும் குளிர்நாட்டவை. பூனையைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நார்வே வனப்பூனையின் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை உள்ள கோடு எங்கும் பள்ளம் விழாமல் நேராக இறங்கும். மெயின் கூனுக்கு அந்த இடத்தில் மென்மையான உள்வளைவு உண்டு. அதன் வாய்ப்பகுதி சதுரமாக முன்னே நீண்டு நிற்கும். பிறகு நேர் எதிரே நின்று பார்த்தால், வனப்பூனையின் முகம் மூன்று பக்கங்களும் சமமான முக்கோணமாகத் தெரியும். காதுகளின் வெளிப்புற ஓரம் கன்னத்தின் கோட்டோடு இணைந்து அந்த முக்கோணத்தை மேல்நோக்கி நீட்டுகிறது. மெயின் கூனின் காதுகள் தலையின் உச்சியில் நெருக்கமாகவும் நிமிர்ந்தும் நிற்கும். சைபீரியப் பூனையின் முகத்தில் கோணங்களுக்கு மாறாக உருண்டைத் தன்மை மிகுந்திருக்கும். உடலும் பீப்பாய் வடிவில் திரண்டிருக்கும். வனப்பூனையின் கண்கள் பாதாம் வடிவில், வெளி ஓரம் சற்றே உயர்ந்து சாய்ந்திருக்கும். ஒரே ஓர் அடையாளத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், நேரான மூக்குக் கோட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கால்களையும் கவனிக்க வேண்டும். பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளமாக இருப்பதால், நடக்கும்போது இடுப்புப் பகுதி தோளைவிடச் சற்று உயர்ந்து தெரியும். நகங்களும் கால் தசைகளும் வலுவானவை. மரத்தில் ஏறுவதில் இந்த இனத்துக்கு உள்ள திறமை பெயர்பெற்றது. வளர்ந்த ஆண் பூனை ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ வரையும், பெண் பூனை 3.5 முதல் 5.5 கிலோ வரையும் இருக்கும். முடியின் செறிவு எடையை மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், பூனை பருத்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்பதைப் பார்வையால் தீர்மானிக்காமல், விலா எலும்புகளை விரலால் தொட்டே அறிய வேண்டும்.

இந்த இனத்தை அறிவதில் பொறுமை தேவைப்படுவதற்கு முதன்மையான காரணம் அதன் மெதுவான வளர்ச்சி. முழு உடலும் முழு முடியும் வந்து சேர ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். குட்டியாக இருக்கும்போது உடலில் பஞ்சு போன்ற முடியே நிறைந்திருக்கும். நீரைத் தடுக்கும் காப்புமுடி மூன்று மாதங்களுக்குப் பிறகே மெல்லத் தெரியத் தொடங்கும். இடைப்பட்ட காலத்தில் கால்கள் மட்டும் நீண்டு, உடல் ஒல்லியாக, முகம் பொருந்தாமல் தோன்றும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் இருக்கும் இளம்பூனையைப் பார்த்து ஏமாற்றமடைவோர் பலர். அது நியாயமற்ற ஏமாற்றம்.

நிறம் இங்கே பெரிய அடையாளம் ஆகாது. கறுப்பு, வெள்ளை, நீலச் சாம்பல், செம்மை, வரிகள் கொண்டவை, வெள்ளை கலந்தவை எனப் பெரும்பாலான நிறங்கள் ஏற்கப்படுகின்றன. ஆனால் சாக்லேட், லைலாக் என்னும் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட சாம்பல், இலவங்கப் பட்டை, ஃபான் என்னும் வெளிர் பழுப்பு ஆகிய நிறங்களும், முகம், காது, கால், வால் மட்டும் கருத்திருக்கும் சயாமிய வகை நிறமும் இனவரையறைக்கு வெளியே நிற்கின்றன. அவை வேறு இனத்தின் கலப்பைச் சுட்டுபவையாகக் கருதப்படுகின்றன. மறுபுறம், ஆம்பர் என்ற நிறம் இந்த இனத்துக்கே உரிய சிறப்பு. எம்சி1ஆர் மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றத்தால், கருமையாகப் பிறக்கும் குட்டி வளர வளரச் செம்பொன் நிறத்துக்கு மாறிச் செல்கிறது. இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காணும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் நற்பேறு பெற்றவர்கள்.

எல்லா அடையாளங்களும் பொருந்தினாலும், வம்சாவளிச் சான்று இல்லாத நீண்ட முடிப் பூனையை நார்வே வனப்பூனை என்று அழைக்க முடியாது. நீண்ட முடியைத் தரும் மரபணு மாற்றம் சாதாரண வீட்டுப் பூனைகளிலும் பரவியிருப்பதால், தெருவில் பிறந்த பூனை ஒன்று வியக்கத்தக்க ஒற்றுமையோடு இருக்கலாம். அந்தப் பூனை எவ்வகையிலும் தாழ்ந்தது அல்ல. ஆனால் தோற்றத்தை மட்டும் காட்டி இனப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் சான்றிதழைக் கேட்பது கடமை. 12 வாரம் ஆவதற்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரித்துத் தர முன்வருபவரிடமிருந்து விலகுவதே நல்லது.

குட்டியைப் பெறுவதற்கு முன் பெற்றோரின் உடல்நலச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். நான் இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட வலியுறுத்துவேன். கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் நான்காம் வகை இந்த இனத்தில் காணப்படுகிறது. ஜிபிஇ1 மரபணுவில் ஏற்பட்ட பழுதால் உடல் சர்க்கரையை முறையாகச் சேமிக்க இயலாமல் போவதே இந்நோய். பாதிக்கப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பிறக்கும்போதோ பிறந்த சில மணி நேரத்திலோ இறந்துவிடுகின்றன. பிழைப்பவை ஏறத்தாழ ஐந்து மாத வயதில் தசைத் தளர்ச்சிக்கும் நரம்புச் சிதைவுக்கும் ஆளாகின்றன. பழுதான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்ட பூனை நலமாகவே தோன்றும். அத்தகைய இரு பூனைகள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பும், பழுதைச் சுமந்து செல்ல 50 விழுக்காடு வாய்ப்பும் உண்டு. இதைக் கண்டறிய நம்பகமான மரபணுப் பரிசோதனை இருக்கும்போது, அதைச் செய்யாமல் இனப்பெருக்கம் செய்வதற்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கது அல்ல. சிவப்பணுக்களைப் பாதிக்கும் பைருவேட் கைனேஸ் குறைபாட்டுக்கும் இவ்வாறே பரிசோதனை உண்டு.

இதயத் தசை தடிக்கும் நோயின் நிலை வேறு. மெயின் கூன் இனத்தில் அந்நோயோடு தொடர்புடைய மரபணு மாற்றம் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கான பரிசோதனை வனப்பூனைக்குப் பயன்படாது. ஆகவே பெற்றோர் இருவருக்கும், இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடித்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்யப்பட்டதா, எந்த வயதில் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். வயது ஏற ஏறவே இந்நோய் வெளிப்படக்கூடும் என்பதால், ஒரு முறை செய்த சோதனை வாழ்நாள் முழுவதற்கும் போதாது. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் உண்டு.

குணத்தை அறிவதற்கு வீட்டில் உயரமான, உறுதியான ஏறுமரம் ஒன்று வேண்டும். இந்தப் பூனை அங்கிருந்து வீட்டையும் மனிதரையும் நெடுநேரம் கவனித்துவிட்டே அருகில் வரும். பாசம் மிகுந்தது, ஆனால் மடியில் பிடித்து இருத்தி வைப்பதைப் பெரும்பாலும் விரும்புவதில்லை, தானாக வந்து அருகில் அமரும். அதன் விருப்பத்துக்கு இடம் கொடுத்தால் நெருக்கம் விரைவில் வளரும். குரலும் பொதுவாக மெல்லியது.

முடியைப் பேண, வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை அகலப் பல் கொண்ட உலோகச் சீப்பால் வாரினால் போதும். முடி உதிரும் காலத்தில் மட்டும் நாள்தோறும் வார வேண்டும். காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின்தொடை ஆகிய இடங்களில்தான் சிடுக்கு விழும். இறுகிப்போன சிடுக்கைக் கத்தரிக்கோலால் வெட்ட முயலக் கூடாது. பூனையின் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து மேலெழும், எளிதில் வெட்டுப்பட்டுவிடும். அடிக்கடி குளிப்பாட்டினால் காப்புமுடியின் எண்ணெய்ப் பசை போய்விடும். வெப்பமான இடத்தில் வளர்க்க நேர்ந்தால், நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தரையும் எப்போதும் இருக்க வேண்டும். முடியை மழித்துவிடுவது தீர்வாகாது, ஏனெனில் தோலை வெயிலிலிருந்து காப்பதும் அதுவே. பூனை வாயைத் திறந்து மூச்சிரைப்பது வெப்பத் தாக்கத்தாலும் இருக்கலாம், இதயக் கோளாறாலும் இருக்கலாம். இரண்டில் எதுவாயினும் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.