தவிர்க்க வேண்டிய தவறே தவிர்ப்பதுதான்: நடத்தைச் சிகிச்சையில் எங்கே சறுக்குகிறோம்?

சித்தியோடு வெளியூர் போவதென்றால் பஸ் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். கேஸ் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று பார்ப்பார், கதவைப் பூட்டுவார், தெருமுனை வரை வருவார், திரும்பிப் போவார். ஒருநாள் மூன்றாவது முறை திரும்பியபோது நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்: "போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க சித்தி. சந்தேகம் வந்தா பார்த்துக்கலாம்." பெரிய புத்திசாலித்தனம் என்று எனக்கு நினைப்பு. இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் போட்டோவை உற்றுப் பார்த்தபடி கேட்டார்: "இது இன்னிக்கு எடுத்ததா, நேத்து எடுத்ததா?"

பின்னால் அவர் போய்ப் பார்த்த கிளினிகல் சைக்காலஜிஸ்ட் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். நோய்க்குக் கையில் ஒரு கேமராவைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றாராம்.

வேண்டாத சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யவைக்கும் ஓசிடி நோயில் நடப்பது இதுதான். சந்தேகம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, போய்ப் பார்க்கிறோம், நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் வினையே. 'பார்த்ததால்தான் தப்பித்தாய்' என்று மூளைக்கு அது பாடம் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த முறை சந்தேகம் இன்னும் சத்தமாக வரும். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இரண்டு நோயாளிகளை அவர்கள் அஞ்சியதை நேருக்கு நேர் சந்திக்க வைத்து, சடங்குபோல் செய்துவந்த செயல்களைச் செய்யவிடாமல் தடுத்து, அவர்கள் தேறியதைக் கட்டுரையாக எழுதினார். இன்று ஈஆர்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நடத்தைச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான். கேஸை ஒருமுறை மூடு, திரும்பிப் பார்க்காமல் போ, பதற்றத்தோடேயே பஸ்ஸில் உட்கார். சொல்ல எளிது. செய்யும்போதுதான் தவறுகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை, கவனித்துப் பார்த்தால், தவிர்த்தலே வேறு வேஷம் போட்டு வந்தவை.

மிகப் பரவலான வேஷம், கையில் ஒரு ஊன்றுகோலோடு பயத்தைச் சந்திப்பது. கூட்டத்துக்குப் பயப்படுபவர் கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுவார். ஆனால் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பீதித் தாக்குதல் வருபவர் பஸ் ஏறுவார். ஆனால் பையில் தண்ணீர் பாட்டில், பர்ஸில் மாத்திரை, போனில் தம்பி நம்பர் தயாராக இருக்கும். ஒன்றும் ஆகாமல் வீடு திரும்புவார். ஆனால் மனம் கற்றுக்கொள்வது, 'பஸ்ஸில் ஆபத்தில்லை' என்பதை அல்ல. 'பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்' என்பதை. பயம் ஏன் வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்பதற்கு 1990-களின் தொடக்கத்தில் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் முன்வைத்த விளக்கம் இது. இதற்கு மறுபேச்சும் உண்டு. ஆரம்பத்தில் கொஞ்சம் பிடிமானம் இருந்தால் கெடுதல் இல்லை, ஆள் ஓடிப்போகாமல் சிகிச்சையில் நிற்பார் என்று ஸ்டான்லி ராக்மனும் அவருடன் இருந்தவர்களும் 2008-இல் வாதிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் பிடியை எப்போது விடுவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாட்டில் ஆயுளுக்கும் கூட வரும்.

வீட்டில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறும் இதே ஜாதிதான். "மூடியாச்சு சித்தி, நானே பார்த்தேன்" என்று நான் நாளுக்குப் பத்து முறை சொன்னது அவருக்கு ஆறுதல், நோய்க்குத் தீனி. பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது, கடைக்காரரிடம் பேசக் கூசும் மகனுக்காக அம்மாவே பேசிவிடுவது எல்லாம் இதில் சேரும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சை. இன்னொரு பாதியில் பிள்ளைகளுக்குச் சிகிச்சையே இல்லை; பெற்றோரை மட்டும் கூப்பிட்டு, பயத்துக்கு வளைந்து கொடுப்பதை எப்படிக் குறைப்பது, அதே நேரம் 'உனக்குக் கஷ்டம்னு தெரியுது, உன்னால முடியும்' என்று எப்படிச் சொல்வது என்று பழக்கினார்கள். பலன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வளைந்து கொடுக்காமல் இருப்பது வேறு, திட்டுவது வேறு. "இதுக்கெல்லாமா பயப்படுவே" என்று அதட்டும் அப்பா இந்தச் சிகிச்சையைச் செய்யவில்லை.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது, சிகிச்சை செய்பவர்களிடமும் உண்டு. பயம் முழுதாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், இறங்கினால்தான் வெற்றி என்று நினைப்பது. ரொம்ப நாள் பாடம் அப்படித்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் உளவியலாளர் மிஷெல் கிராஸ்கேயின் ஆய்வுகள் இதை மாற்றிப் போட்டன. 2014-இல் அவர் குழு எழுதிய கட்டுரையின் சாரம் இது: பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பாடம் எழுதப்படுகிறது, இரண்டும் போட்டி போடுகின்றன. அதனால் பயம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதுதான் முக்கியம்.

லிஃப்டுக்குப் பயப்படுபவரை எடுத்துக்கொள்வோம். ஏறுவதற்கு முன் ஒரு சீட்டில் எழுத வேண்டும்: 'நடுவில் நின்றுவிடும், மூச்சு முட்டி மயங்கி விழுவேன்.' நடப்பதற்கு வாய்ப்பு எத்தனை சதவீதம்? எண்பது. சரி, ஏறி இறங்கியாயிற்று. வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. மயங்கினாரா? இல்லை. அந்த இடைவெளிதான் மருந்து. இறங்கும்போது படபடப்பு அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. இதை ஒரே லிஃப்டில், ஒரே நேரத்தில், சைக்காலஜிஸ்ட் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்தால் பாடம் அந்த லிஃப்டோடு நின்றுவிடும். பழைய ஆஸ்பத்திரி லிஃப்ட், ஜவுளிக்கடைக் கண்ணாடி லிஃப்ட், கூட்டமாக, தனியாக, ராத்திரியில் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். சீட்டு எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதாவிட்டால் மனம் பின்னால் கணக்கை மாற்றிவிடும். 'அப்படி ஒன்றும் நான் நினைக்கவில்லையே' என்று சாதிக்கும்.

'மூச்சை இழுத்து விடு, ரிலாக்ஸ் பண்ணு' என்பது எல்லாவற்றுக்கும் பொது மருந்துபோல் வழங்குகிறது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கி விழுபவர்களுக்கு அது நேர்மாறாக வேலை செய்யலாம். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுகிறது. ஏற்கெனவே விழுகிற ஆளைத் தளர்த்தினால் என்ன ஆகும்? ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு எதிர்வழியைச் சோதித்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி, முகத்தில் சூடேறும்வரை இறுக்க வேண்டும். இருபது முப்பது நொடி விட்டு மறுபடி. ஐந்து சுற்று. அழுத்தம் விழாமல் நிற்கும். ரத்தப் பரிசோதனைக்கு முன் செய்து பார்க்கலாம். குத்தும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிடுங்கள்.

மனச்சோர்வுக்கு வருவோம். இங்கே தவிர்த்தலின் வேஷம் இன்னும் கண்ணியமானது: "மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் செய்றேன்." நடத்தைத் தூண்டல் என்ற சிகிச்சை இதைத் தலைகீழாகப் பிடிக்கிறது. முதலில் செய், மனசு பின்னால் வரும். 1996-இல் சியாட்டிலில் நீல் ஜேக்கப்சன் குழு சிபிடியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது, எண்ணங்களை ஆராயும் பகுதியை எடுத்துவிட்டு நடத்தைப் பகுதியை மட்டும் கொடுத்தாலும் பலன் குறையவில்லை. இருபது வருடம் கழித்து, 2016-இல், இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த கோப்ரா ஆய்வும் அதையே சொன்னது. அங்கே இந்தச் சிகிச்சையைக் கொடுத்தவர்கள் நீண்ட உளவியல் பயிற்சி பெறாத இளநிலை ஊழியர்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது கோவா ஆய்வு. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் கோவாவின் சங்காத் தொண்டு அமைப்பும் சேர்ந்து நடத்தி, 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேர். பேசப் போனவர்கள் டாக்டர்களோ சைக்காலஜிஸ்டுகளோ அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்பு, பலருக்கு அவரவர் வீட்டிலேயே. மூன்று மாதம் கழித்து, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது.

இதைப் படித்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் "நாங்க சொன்னதுதானே, சும்மா உட்காராதே, ஏதாவது வேலை செய்" என்பார்கள். இல்லை, அது இது இல்லை. இந்தச் சிகிச்சையில் முதல் வாரம் வேலையே செய்யச் சொல்வதில்லை. எந்த நேரம் என்ன செய்தீர்கள், மனசு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தால் நான்கு மணிக்கு இன்னும் மோசமாகிறது, மொட்டைமாடியில் துணி காயப்போட்ட அன்று கொஞ்சம் தேவலை என்பதெல்லாம் அதில் தெரியும். அதிலிருந்துதான் அடுத்த வாரத்துக்கு ஒன்றிரண்டை அவரே தேர்ந்தெடுக்கிறார். பலர் சறுக்குவது அளவில். 'நாளையிலிருந்து தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பேன்' என்று தொடங்கி, மூன்றாம் நாள் விட்டு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பழைய முடிவுக்கு ஒரு சாட்சியைச் சேர்த்துக்கொள்வார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போய் வருவது போதும், தொடங்குவதற்கு. நேரமும் குறித்திருக்க வேண்டும். 'முடியும்போது' என்று எழுதினால் அந்த நேரம் வராது.

தூக்கமின்மையிலும் ஆய்வும் அறிவுரையும் வெவ்வேறு பக்கம் போகின்றன. சூடான பால், ஜாதிக்காய், போனைத் தள்ளி வைப்பது: இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் 2024-இல் வெளியான ஒரு பெரிய அலசல், 241 ஆய்வுகளையும் 31,452 பேரையும் சேர்த்துப் பார்த்து, தூக்க ஒழுக்கப் பாடம் அத்தனை அவசியமில்லை, தளர்வுப் பயிற்சி எதிர்மறையாகக்கூடப் போகலாம் என்றது. பலன் தந்த கூறுகளில் முக்கியமானது கேட்கவே பிடிக்காத ஒன்று: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், சில வாரங்களுக்கு ஐந்தரை மணி நேரம்தான் படுக்கை. தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். முதல் வாரம் பகலெல்லாம் கண் எரியும், எரிச்சல் வரும். அங்கேதான் பெரும்பாலோர் 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று விடுகிறார்கள். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதில் கவனம் வேண்டும். பைபோலார் நோயோ வலிப்போ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. தூக்கம் குறைந்தால் அவை கிளம்பும்.

ஆய்வுச் செய்திகளைப் படிப்பதிலும் ஒரு கவனம் தேவை. ஒரு சிகிச்சை 'மிகப் பலன் தந்தது' என்றால், எதோடு ஒப்பிட்டு என்று பாருங்கள். காத்திருப்போர் பட்டியலில் வெறுமனே வைக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் எதுவும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். நோயாளிக்கு உதவியது எல்லோருக்கும் உதவும் என்பதும் இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்காக மார்ஷா லைனஹன் உருவாக்கிய டிபிடி சிகிச்சை அவர்களுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை ஆய்வில் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதன் சுருக்க வடிவத்தை வகுப்பறைப் பாடமாக நடத்தினார்கள். 2023-இல் வந்த முடிவில், பாடம் முடிந்த கையோடு அதைப் படித்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடியிருந்தன. பெற்றோருடனான உறவும் சற்று மோசமாகியிருந்தது.

இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடத்தைச் சிகிச்சை தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். 'கவுன்சலிங்' என்ற போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். இந்தியாவில் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்பவருக்கு மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேட்கலாம். வீட்டுக்கு என்ன பயிற்சி தருவீர்கள் என்றும் கேளுங்கள். மாதக்கணக்கில் பேச்சு மட்டுமே நடக்கிறது, செய்து பார்க்க ஒன்றுமே தரவில்லை என்றால் அது இந்தச் சிகிச்சை இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பயிற்சி, நோட்டு எல்லாம் அப்புறம்; இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் 1926, எந்நேரமும் கூப்பிடலாம்.

போன மாதம் சித்தியும் நானும் விழுப்புரம் கிளம்பினோம். ரெகுலேட்டரை ஒருமுறை மூடினார், பூட்டினார், நடந்தார். தாம்பரம் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்: "நீ பார்த்தே இல்ல, மூடினதை?" சைக்காலஜிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, "தெரியலையே சித்தி" என்றேன். முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கல்பட்டு போனது, மதுராந்தகம் போனது, பேச்சே இல்லை. திண்டிவனம் வந்ததும் பையைத் திறந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார்.